இருபதுக்கு முட்டை

"ரெண்டு புத்தகமும் வேணாம் மாமா. வந்த வழியே எடுத்துட்டுப் போங்க."

தையல்காரியின் பன்னிரண்டு வயது மகள் இப்படிச் சொன்னதும், பையிலிருந்து புத்தகங்களை எடுத்துத் துணி வெட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டிருந்த மாமாவின் கை அப்படியே நின்றது. அவர் இருபது வருடமாகக் கணக்கு வாத்தியார். எதிர்த்துப் பேசுகிற பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். இது தங்கச்சி வீடாகப் போய்விட்டது.

பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று தையல்காரி மகளை அதட்டினாள். ஒப்புக்குத்தான். உள்ளுக்குள் அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் முன்னால் இந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்தி "மக்கு" என்றார்கள். அன்றைக்கே தையல்காரி போய், என் பிள்ளைக்கு நானே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தெருவே சிரித்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கிறவள், சொந்தப் பிள்ளைக்கு யூனிஃபார்ம் வேண்டாம் என்கிறாளே என்று. சிரித்தால் சிரிக்கட்டும். காலையில் தையல், மத்தியானம் பாடம். பின்னமோ சதவீதமோ, இன்றைக்கு அவள் முட்டி மோதிப் படித்துக்கொள்வாள். நாளைக்கு அதை மகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் அண்ணன் வந்திருந்தார். மெல்லிசான புத்தகம் ப்ரீ-அல்ஜீப்ரா, அல்ஜீப்ராவுக்கு முந்தின படி. தடியானது அல்ஜீப்ரா, எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிற கணக்கு. இருபது கேள்வி கொடுப்பாராம். பதினைந்து சரியாக இருந்தால் தடிப் புத்தகம். இல்லாவிட்டால் மெல்லிசை வைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருடம் இங்கேயே கிடக்கட்டும் என்றார்.

"அல்ஜீப்ராவை நீ தலைகீழா நின்னாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. தேறிட்டான்னா என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்கேயே தங்கிப் படிக்கட்டும்."

தையல்காரி தடிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், ஒரு வரிகூட விளங்கவில்லை. மகள் தேற வேண்டும் என்று ஒரு மனசு. தேறிவிட்டால் போய்விடுவாளே என்று ஒரு மனசு. புருஷன் லாரியோடு போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். மகளும் போய்விட்டால் இந்த வீட்டில் மிஷின் சத்தத்தைத் தவிர என்ன மிஞ்சும்? ஆனாலும் பிள்ளை மக்கு இல்லை என்று தெரிந்தால் போதும், மற்றதைப் பெற்ற வயிறு பொறுத்துக்கொள்ளும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"எழுதுடி. அம்மாவுக்காக எழுது."

அந்த வாயாடி அம்மாவை ஒரு முறை முறைத்தாள். மாமா கொடுத்தது ஒரு மணி நேரம். அவள் பதினைந்தே நிமிடத்தில் விடைகளை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

மாமா சிவப்புப் பேனாவைத் திறந்து, தாம் எழுதிக் கொண்டுவந்த விடைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் கேள்விக்கு இன்ட்டு. இரண்டாவதுக்கும் இன்ட்டு. நாலைந்து போட்டதுமே அவருக்குக் கை சூடுபிடித்துவிட்டது. விடை ஒத்துப்போகவில்லையா, போடு ஒரு இன்ட்டு. கடைசியில் இருபதுக்கு இருபதும் இன்ட்டு.

"முட்டை," என்று தாளைத் தங்கையிடம் நீட்டினார். "கண்ணை மூடிக்கிட்டு எழுதினாக்கூட நாலு சரியா வரும். ஒரு வருஷமா என்னத்தைச் சொல்லிக்கொடுத்தே? ஸ்கூல்ல சொன்னது சரிதான் போல."

அழக்கூடாது, இவர் முன்னால் மட்டும் அழவே கூடாது என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. அண்ணன் தடிப் புத்தகத்தைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு, மெல்லிசே இவளுக்கு ஜாஸ்தி என்று வேறு சொன்னார்.

தையல்காரி விடைத்தாளையும் பட்டியலையும் அருகருகே வைத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். பாதியில் விரல் நின்றது. மறுபடி மேலே போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு எழுந்து போய் அண்ணனின் பையிலிருந்து தடிப் புத்தகத்தை உருவி எடுத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும் அண்ணா."

"முட்டை வாங்கினவளுக்கு அல்ஜீப்ராவா?"

"ஆமா. அவ தானாவே படிப்பா. படிச்சு எனக்கும் சொல்லிக்கொடுப்பா. உங்க வீட்டுக்கெல்லாம் வர மாட்டா."

தங்கைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று அண்ணன் பார்த்தார். மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஊசி நின்றுவிட்டது.

தையல்காரி இரண்டு தாள்களையும் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். "நல்லாப் பாருங்க அண்ணா. பன்னெண்டுன்னு இருக்கணும், பதிமூணுன்னு எழுதியிருக்கா. முப்பது இருக்கணும், முப்பத்தொண்ணு. இருபதையும் சரியாப் போட்டுட்டு, துணி வெட்டறப்ப தையலுக்கு விடற மாதிரி, எல்லாத்துலயும் ஒண்ணு கூடுதலா விட்டிருக்கா."