முப்பத்தொரு வீரர்கள்

"முதலாவது ஆளின்ர தலையை வெட்டிப்போட்டீங்க அண்ணா," என்றாள் ரொஷேல்.

அச்சகக்காரர் கிளறன்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உண்மைதான். அச்சகத்தின் வெட்டும் மெசின் அட்டையிலிருந்த வீரனின் கழுத்துக்கு மேலே ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"சண்டைக்காரன்தானே பிள்ளை, தலை போறது வழமை," என்றார். தன் பகிடிக்குச் சிரிக்காதவர்களின் வேலையைக் கிடப்பில் போடுபவர் என்று கொட்டாஞ்சேனையில் அவருக்குப் பெயர். ரொஷேல் சிரிக்கவில்லை.

"இண்டைக்கே முடிச்சுத் தாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும், எனக்கு வர ஏலாது."

விளையாட்டு அட்டைகள் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படம் வரைபவள் அவள். அந்தக் காலத்து ஐரோப்பிய வீரர்கள் எப்படி வாள் பிடித்தார்கள், எப்படிக் கேடயம் தூக்கினார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஆனால் இந்த அட்டைக் கட்டு கம்பனிக்கு அல்ல, எட்டு வயது மகன் அனுஜனுக்கு.

அனுஜன் தாயின் முந்தானையை விடாத பிள்ளை. தகப்பன் றெஜி கப்பலில், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீடு. கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே அம்மா நிற்க வேண்டும். அவன் தனியாகச் சமாளிக்கப் பழகிவிட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

மேசையில் இறந்துபோன யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கான நினைவு அட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. கிளறன்ஸ் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு வீரர்களைப் பரப்பினார். முன்பக்கம் ஒரு வீரனும் அவனுடைய சண்டைக் கலையும். பின்பக்கம் அனுஜனுக்கு ஒரு வேலை.

"'வாள் கைநழுவினால் வெறுங்கையால் மல்லுக்கட்டுவான்,'" என்று வாசித்துவிட்டுத் திருப்பினார். "'சப்பாத்து லேசை நீயே கட்டு.'" அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததை எடுத்தார். "'இரும்புக் கவசத்தோடு விழுந்தவன் முதலில் முழங்காலில் எழும்புவான்.' பின்னால... 'பள்ளிக்கூட வேன் வருமுன் நீயே எழும்பு.' அடி சக்கை."

ரொஷேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தாளில ஒன்பது அட்டை. நாலு தாளுக்கு முப்பத்தாறு போடலாம். நீ முப்பத்தொண்டுதான் தந்திருக்கிறாய், அஞ்சு இடம் சும்மா போகுது. இன்னும் அஞ்சு பேரைக் கீறித் தாவன்."

"முப்பத்தொண்டு காணும். அதுக்கு மேல வேண்டாம்."

"நாளுக்கு ஒண்டா?"

"ஓம். கூடக் குடுத்தா ஒண்டையும் செய்ய மாட்டான்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. போன மாதத்திலிருந்தே அவள் இப்படித்தான். றெஜியின் நினைப்பாக்கும் என்று கிளறன்ஸ் தாமே ஒரு முடிவு கட்டிக்கொண்டார். அவளுக்கு மனம் மரத்துப்போயிருந்தது, யாரையும் நினைக்க வரவில்லை. விரல்கள் மட்டும் அட்டைகளை மறுபடி மறுபடி எண்ணின.

முதல் தாளைத் திரும்ப அடித்து, இந்தத் தடவை மில்லிமீட்டர் பார்த்து வெட்டினார். முதலாவது வீரனுக்குத் தலை வந்துவிட்டது. அவன் கையில் வாள் இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

கிளறன்ஸ் பின்பக்கத்தை வாசித்தார். "'இன்றைக்குச் சண்டை இல்லை. நல்லா அழு மகன். அழுதிட்டுச் சாப்பிடு.'"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "என்ன பிள்ளை, முதல் நாளே அழச் சொல்லுறாய்? இதைக் கடைசிக்குத் தள்ளுவமா?"

"இல்ல. அதுதான் முதல்."

முப்பத்தொன்றையும் வரிசையாக அடுக்கி, இறப்பர் வளையம் போட்டு, அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நீங்களே வச்சிருங்க அண்ணா. நீங்கதானே அவனுக்கு ஞானத்தகப்பன். ஒவ்வொரு நாளும் ஒண்டு உங்கட கையால குடுக்கோணும்."

"அதுக்கென்ன, குடுக்கிறன். எப்ப தொடங்கிறது? பிறந்தநாளுக்கா?"

ரொஷேல் இல்லையென்று தலையாட்டினாள்.

"என்னை அடக்கம் செய்யிற அண்டைக்கு."