பின்சீட்டு போல்ட்

போரில் அடிபட்ட அந்தப் பழைய விமானத்தைத் திரும்பப் பறக்கவைக்க அருளப்பனுக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம்: பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்தான் முதல் தடவை பின்சீட்டில் உட்கார வேண்டும். பின்சீட்டு பெல்ட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டை மட்டும் அவர் மாட்டாமல் வைத்திருந்தார். ஏறும்போது தன் கையாலேயே முடுக்கிக்கொள்ள ஆசை.

முதன்முதலாகப் பறக்கவிடும் விழாவன்று காலை சலவைச் சட்டையும், சட்டைப் பையில் அந்த போல்ட்டுமாக வந்தார். பின்சீட்டில் யாரோ கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து கூட்டத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தான்.

"தலைவரோட மாப்பிள்ளைண்ணே. ஆசைப்பட்டுட்டாரு," என்றார் ஷெட்டை நடத்தும் சங்கத்தின் செயலாளர். "நீங்க அடுத்த தடவை போய்க்கங்க."

"இல்ல, அந்த பெல்ட்டு..."

"அதெல்லாம் கட்டியாச்சுண்ணே. உங்க கையெழுத்து இருக்கு, அப்புறம் என்ன பயம்? போய்ச் சக்கரத்துக் கட்டையை எடுங்க."

இன்ஜின் உறுமியது. அருளப்பன் குனிந்து முட்டுக்கட்டையின் கயிற்றைப் பிடித்தார். போல்ட் நெஞ்சில் குத்தியது. நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை ஈ ஓட்டுவதுபோல் கையை வீசி அவரை விலகச் சொன்னான்.

அருளப்பன் கயிற்றை இழுத்தார்.