கீபோர்டுக்கு அடியில் ஒரு சீட்டு

"கீபோர்டுக்கு அடியில பாஸ்வேர்டா? எழுதியா வெச்சிருக்கீங்க!"

பூட்டு மேடம் போட்ட சத்தத்தில், பாலங்களுக்கு வரைபடம் போடும் அந்த டிராயிங் ஆபீஸே எழுந்து நின்றுவிட்டது. சிஸ்டம் அட்மின் அவர். எல்லா கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கையே பூட்டிவிடும் சாஃப்ட்வேரையும் போட்டவர். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

மாட்டிக்கொண்டவர் ஸ்டோர் கிளார்க். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டே மாதம்.

"தப்புதான் மேடம்."

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! பாஸ்வேர்ட் மண்டைக்குள்ள இருக்கணும் சார். மறந்தா டிஸ்க்ல இருக்கிற அத்தனையும் போச்சு, ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாது. அதுக்காக எழுதி வைக்கிறதா?"

"சீட்டை ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்..."

"அடுத்தவங்க பாஸ்வேர்டை நான் படிக்கிறதா? செத்தாலும் மாட்டேன்!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு சுக்குநூறாகக் கிழித்தார். அதுவும் போதாதென்று துண்டுகளை டம்ளரில் மிச்சமிருந்த டீயில் போட்டு ஸ்பூனால் கலக்கினார்.

கிளார்க் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "கம்ப்ளெயின்ட் அடிச்சுக் கொடுங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள இவரை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"இதோ, இப்பவே!"

இருபது நாள் லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்தார் மேடம். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். பாஸ்வேர்ட் கேட்டது.

வழக்கம்போல ஒவ்வொரு எழுத்தையும் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். தப்பு. போன மாதத்தது. தப்பு. அதற்கும் முந்தினது. தப்போ தப்பு!

லீவுக்கு முதல் நாள் புதிதாக மாற்றியது ஞாபகம் இருந்தது. என்னவென்று மாற்றினோம் என்பதுதான் இல்லை. ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது.

"பாலம் டிராயிங் எல்லாம் இதுலதானே இருக்கு?" மேனேஜர் ஸ்கிரீன் பக்கம் குனிந்தார்.

"ஆ... ஆமா சார்."

"ஆண்டவனே வந்தாலும்னீங்களே?"

மேடம் அழாத குறை.

கிளார்க் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "கரைஞ்சே போச்சு. அது உங்க பாஸ்வேர்ட்தான் மேடம். ஒவ்வொரு லீவு முடிஞ்சும் மறந்துட்டு, ஞாபகம் வர்றதுக்குள்ள அரை நாள் தவிக்கிறீங்களேன்னு எழுதி வெச்சேன். எல்லார் முன்னாடியும் அதைச் சொல்ல மனசு வரல."

"என்னோடது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடிக்கிறீங்களே! இங்க ஆறு பேருக்குமே தெரியும். வெளிய ஒருத்தர்கிட்ட மூச்சு விட்டிருப்போமா?"

"ஐயோ, அப்ப சொல்லித் தொலைங்களேன்!"

ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"யாரையும் நம்பாதே, நாற்பத்தேழு!"