ஐம்பத்தாறு கிலோ

"உன்னால அப்பாவைத் தூக்க ஏலாது. நீயே ஊதினாப் பறக்கிற ஆள். அவரை ஏத்த நாளைக்கு வான் வரும், ஹெந்தளை முதியோர் ஹோமில சொல்லியாச்சு," என்றான் அண்ணன் ரொனி.

டில்ஷானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏலாதாம்! பாரிசவாதத்தில் விழுந்த அப்பாவை அண்ணன் வீட்டில் வைத்திருந்தார்கள். "தனியாத் தூக்கிக்காட்டு, உன்ர வீட்டுக்குக் கொண்டுபோ. இல்லாட்டி ஹோம்தான்" என்று ஆறு மாதத்துக்கு முன் கட்டளை போட்டவனும் இதே அண்ணன்தான்.

அன்றைக்கே கொட்டாஞ்சேனையில் ஒரு ஜிம்மில் போய்ச் சேர்ந்தாள்.

நாற்பது கிலோ உடம்பு. இனியும் மெலியவா வந்தீங்க என்று ஒருத்தன் கேட்டான். வந்த ஆத்திரத்துக்கு இரும்பை அவன் காலில் போட்டிருப்பாள். போடவில்லை, தூக்கினாள்.

பசிக்காவிட்டாலும் தின்றாள். விடிய நாலு முட்டை, பத்து மணிக்கு அவித்த கடலை, மத்தியானம் சோற்றோடு இரண்டு துண்டு மீன், படுக்கமுதல் பால். தின்று தின்று தீனே வெறுத்துப்போனது. ஆனால் சட்டைக் கை தோளில் இறுகத் தொடங்கியது. போன கிழமை ஐம்பத்தாறு கிலோவை நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்தாள். அப்பாவின் எடை அதுதான், ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டில் பார்த்து வைத்திருந்தாள்.

இப்போது அண்ணனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அப்பாவின் கட்டிலடிக்குப் போனாள்.

முழங்காலை மடக்கினாள். முதுகை நேராக்கி, அப்பாவை நெஞ்சோடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

எழுந்த வேகத்தில் பின்னால் தடுமாறிச் சுவரில் மோதினாள். வைத்த பலத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

தூக்கிக்காட்டிவிட்டாள், ஆனாலும் சந்தோஷமே வரவில்லை. அப்பாவின் இடுப்பெலும்பு கையில் குத்தியது.

ஞாயிறுதோறும் வரும்போது முகம் வற்றியிருப்பதைக் கண்டவள்தான். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம், ஒருநேரச் சாப்பாடு என்றார். கோயில் மனுஷன், கேட்கவா போகிறார் என்று விட்டுவிட்டாள். அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை நிறைந்தபடியே திரும்பிப் போனதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பாழாய்ப்போனவர்கள்!

"ஈஸ்டர் முடிஞ்சு ஒரு மாசமாச்சே! இன்னும் என்னப்பா தவசு?" தெருவுக்குக் கேட்கக் கத்தினாள்.

கோணிய வாயால் அப்பா மெல்லச் சொன்னார்.

"நீ தூக்கவேணுமே, பிள்ளை. என்னால ஏலுமானதை நானும் செய்தனான்."