மார்கழியில் மட்டும்

"பொங்கலுக்குள்ள வந்து எடுத்துடுங்க மேடம்" என்று தீர்த்தகிரி போனில் சொன்னதற்கு அருணாவுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் மார்கழியிலேயே பெங்களூரிலிருந்து கேமராவோடு மூக்கண்டப்பள்ளிக்கு வந்துவிட்டாள். ஊரையே மிரட்டும் அவனுடைய மெட்டல் இசைக் குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும்.

மொட்டை மாடி அறையில் ஃபேக்டரி இளைஞர்கள் நான்கு பேர். தாடி, கறுப்புச் சட்டை, கழுத்தில் மணிகள், முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. பாட்டு என்ற பெயரில் தொண்டை கிழிய உறுமினார்கள்.

"கம்பெனியில ஷேவ் பண்ணச் சொல்லலையா?"

"எங்களை யாரும் கேக்க மாட்டாங்க மேடம்" என்றான் தீர்த்தகிரி.

"வீட்டு ஓனர்?"

"பாத்தாலே கையெடுத்துக் கும்பிடுவாங்க."

அவ்வளவு பயமா! அவன் தடுப்பதற்குள் அருணா கீழே ஓடி, வீட்டுக்கார சரோஜம்மாள் முன் கேமராவை நீட்டினாள்.

"மாடியில இருக்கறவங்களைப் பாத்தா பயமா இல்லையாம்மா?"

"சபரிமலைக்கு மாலை போட்ட சாமிங்களைப் பாத்து எதுக்கு பயம்? சும்மா பசங்களா இருந்தா வீடே குடுத்திருக்க மாட்டேன். முகம் பூரா விபூதி பூசற பக்தியை எங்கயாச்சும் பாத்திருக்கியா? பஜனைதான் மலையாளத்துல பாடறாங்க, ஒண்ணும் புரியல."

மூச்சிரைக்க ஓடிவந்த தீர்த்தகிரியைப் பார்த்ததும் சரோஜம்மாள் கைகூப்பினாள்.

"சாமி, சனிக்கிழமை நம்ம தெருவுல பூஜை. குருசாமியே வர்றாரு. நீங்கதான் பாடறீங்கன்னு மைக் செட்டுக்குச் சொல்லிட்டேன்."

ஊரையே மிரட்டுபவனின் வெள்ளைப் பூச்சு வியர்வையில் வழியத் தொடங்கியது.

அருணா கேமராவை நிறுத்தவில்லை.