வக்தியின் மூன்று ஃபைல்கள்

அலெக்சாந்திரியாவில் என் பழைய கம்பெனி, கிரேன்களை ஓட்டும் கம்ப்யூட்டர்களின் அடிப்படை மென்பொருளான கெர்னலைப் புதுப்பித்த அன்றே துறைமுகத்தின் மூன்று கிரேன்களும் நின்றுவிட்டன. கோதுமைக் கப்பல்கள் சைப்ரஸ் வரைக்கும் வரிசை கட்டின. மாலைக்குள் ஓடாவிட்டால் பொறுப்பாளர் நெர்மீனுக்கு வேலை போய்விடும். ஓய்வுபெற்ற என்னைக் கூப்பிட்டாள்.

கிரேனுக்கு ஒன்றாக, மெஷினுக்கு மட்டுமே புரியும் மூன்று ஆப்ஜெக்ட் ஃபைல்கள் இருந்தன. அவற்றைத் தொகுத்தெடுத்த மூலநிரல் யாரிடமும் இல்லை. எழுதிய வக்தி இறந்து பதினோரு வருஷம். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காதவன். ஒவ்வொரு ஃபைலும் எந்தக் கட்டளையில் பிறந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு ஃபைல் இருந்தால்தான் அதை கிரேனை ஓட்டும் மாட்யூலோடு இணைப்பேன் என்று, மென்பொருளைக் கட்டித் தரும் புதிய பில்ட் முறை அடம்பிடித்தது.

"காலிக் குறிப்பு ஒண்ணு வச்சாப் போதும்மா. இருக்கான்னுதான் பாக்கும், படிக்காது," என்றேன்.

"இதைச் சொல்லவா ஹாஜியாரே மூணு டீ குடிச்சீங்க?" என்றாள் நெர்மீன்.

முதல் ஃபைலுக்குப் பூஜ்யம் பைட்டில் ஒரு குறிப்பை வைத்து பில்டை ஓட்டினேன். மாட்யூல் இணைந்தது. முதல் கிரேன் யானை மாதிரி தும்பிக்கையைத் தூக்க, துறைமுகமே விசிலடித்தது.

நெர்மீன் மட்டும் திரையைப் பார்த்தாள். "அதுல இப்ப இருநூத்துப் பன்னெண்டு பைட் இருக்கே."

திறந்தோம். ஒரே வரி. எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்ட தன் கம்ப்யூட்டரில் வக்தி மூலநிரலைத் தொகுத்த கட்டளை. தேதி இன்று.

"நீங்க எழுதினீங்களா?"

"எனக்கு ஏதும்மா அவ்வளவு அறிவு?"

மற்ற இரண்டு ஃபைல்களுக்கும் காலிக் குறிப்புகளை வைத்துவிட்டு, அவளை மதியச் சாப்பாட்டுக்கு ஃபூல் என்ற மொச்சை மசியல் சாப்பிட அழைத்துப்போனேன். வயிறு நிறையத் தின்றோம். திரும்பியபோது மூன்று கிரேன்களும் கோதுமை இறக்கிக்கொண்டிருந்தன.

மற்ற இரண்டுக்கும் நாங்கள் இன்னும் பில்டைத் தொடங்கியிருக்கவில்லை.