பிணம் நீட்டிய அடையாள அட்டை

செத்துக் கிடந்தபடியே உலகத்தைச் சிரிக்கவைத்த ஒரே நடிகன் நான்தான். எண்பத்தாறாம் ஆண்டு, கண்டியில் ஒரு மண்டபம், பட்டப்பகல். மேடையில் நான் பிணம். நான் கேட்டுக் கிடைக்காத கதாநாயகன் வேடத்தில் தம்பிராஜா என் தலைமாட்டில் நின்று ஏழு யுகமாக வசனம் பேசுகிறான். மஞ்சள் வெளிச்சம் முழுவதும் அவன் முகத்தில். எரிவது என் வயிறு. திடீரென்று மண்டபத்துக்குள் சோதனைக்கு நுழைந்த நிஜ ஆமிக்காரன், துப்பாக்கியும் கையுமாக, "அடையாள அட்டை!" என்று அதட்டுகிறான். கண்ணைத் திறக்காமலே பிணம் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டுகிறது. சபை சிரிக்கிற சிரிப்பில் மகாவலி ஆறே கரைபுரள்கிறது. திரை விழுகிறது. "சிரிப்பு என்ர வசனத்துக்கு, டீச்சர். பிணம் அசையவேயில்லை," என்கிறான் தம்பிராஜா. நாடகத்தை நெறிப்படுத்தும் செசிலியா டீச்சர் அவனுடைய வலக்கையைப் பார்க்கிறார். "அப்ப நீர் ஏன் உம்மட அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்?" கையை இறக்க அவனுக்குச் சற்று நேரமாகிறது. "ஓம் டீச்சர்," என்கிறான், "முதல்ல நீட்டினது அவன்தான்."